ஆர்கனாக்ஸ் மெட்ரா: கொடைக் கல்லீரலை உடல் வெப்பத்தில் காக்கும் இயந்திரம்

கொடையாளரிடமிருந்து எடுத்த கல்லீரலைக் குளிர்ந்த கரைசலால் கழுவி, நுண்ணுயிர் நீக்கிய பைகளில் இட்டு, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வதுதான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் உள்ள நடைமுறை. 1980களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெல்சரும் சவுத்தார்டும் உருவாக்கிய கரைசல், கல்லீரலைப் பனியில் வைத்திருக்கக்கூடிய நேரத்தைக் கணிசமாக நீட்டியது. ஆனாலும் குளிர் செல்களின் தேவையைக் குறைக்கிறதே தவிர முற்றிலும் நிறுத்துவதில்லை. உயிர்வளி இல்லாமலே செல்கள் மெதுவாக இயங்கிக்கொண்டிருக்கும். ஆற்றல் இருப்பு கரையும். பெறுநரின் உடலில் வெதுவெதுப்பான ரத்தம் திரும்பப் பாயும் அந்தக் கணத்தில், சேர்ந்திருந்த கேடெல்லாம் ஒருசேர வெளிப்படும். கொழுப்பு படிந்த கல்லீரலும், இதயம் நின்றபின் கொடையாகப் பெறப்பட்ட கல்லீரலும் இந்தக் கேட்டை மிக மோசமாகத் தாங்குகின்றன. பனிப்பெட்டியின் இன்னொரு குறைதான் என் பார்வையில் பெரியது: பெட்டிக்குள் இருக்கும் கல்லீரலிடம் எதையும் கேட்டறிய முடியாது. அது வேலை செய்யுமா செய்யாதா என்பது, நோயாளியின் பழைய கல்லீரலை அகற்றிப் புதியதைப் பொருத்தி, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பைத் திறந்த பிறகே தெரியவரும்.

ஆர்கனாக்ஸ் நிறுவனத்தின் மெட்ரா என்ற இயந்திரம் இந்த இருட்டை நீக்குவதற்காகப் பிறந்தது. நான் கல்லீரல் தீவிர சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவன்; அறுவை நிபுணன் அல்லன். எனவே பொருத்துவதற்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதைக் காட்டிலும், அறுவைக்குப் பிறகு எங்கள் கட்டிலுக்கு வந்து சேரும் நோயாளிக்கு இது என்ன செய்கிறது என்பதையே முதன்மையாகக் கொண்டு இதை மதிப்பிடுகிறேன். இயங்கும் கருவியின் அருகே நின்று எண்களைப் பார்த்த அனுபவத்தையும், வெளியாகியுள்ள ஆய்வுகளையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உறுப்பு மாற்றுத் துறைப் பேராசிரியர் பீட்டர் ஃப்ரெண்ட், உயிரிமருத்துவப் பொறியியல் பேராசிரியர் கான்ஸ்டன்டின் கூசியோஸ் ஆகிய இருவரின் நெடுங்கால உழைப்பு இது. உறுப்பு கெட்டுப்போவதைத் தாமதப்படுத்துவதோடு நிற்காமல், உடலுக்கு வெளியேயும் அதை உயிரோடு இயங்கவைக்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம். 2008-இல் பல்கலைக்கழகத்திலிருந்து நிறுவனம் பிரிந்து உருவானது. 2013 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இந்த இயந்திரத்தில் காத்த கல்லீரல் முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்தது, 2025 ஆகஸ்ட்டில், ஜப்பானின் டெருமோ நிறுவனம் சுமார் 150 கோடி டாலருக்கு ஆர்கனாக்ஸை வாங்குவதாக அறிவித்தது. ஆய்வுக்கூடத்தில் இரு பேராசிரியர்கள் பேசித் தொடங்கிய ஒன்று இந்த அளவுக்கு வந்து நின்றதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

கருவியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரங்களோடு கூடிய அடிப்பகுதி திரும்பத் திரும்பப் பயன்படுவது. குழாய்கள், மையவிலக்குப் பம்பு, உயிர்வளி சேர்க்கும் கருவி, கல்லீரலைத் தாங்கும் கிண்ணம் ஆகியவை அடங்கிய சுற்று ஒருமுறை மட்டும் பயன்படுத்திக் கழிக்கப்படுவது. ரத்த வகை பொருந்தும் சிவப்பணுப் பைகள் மூன்றையும், ஜெலட்டின் அடிப்படையிலான திரவத்தையும் கலந்து சுற்றை நிரப்புகிறார்கள். கல்லீரல் தமனி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, பித்தநாளம் ஆகிய நான்கிலும் குழாய் பொருத்தப்படும். தமனிக்குப் பம்பின் அழுத்தத்தோடும், போர்ட்டல் சிரைக்கு மேலே உள்ள தேக்கப் பையிலிருந்து குறைந்த அழுத்தத்தோடும் ரத்தம் செல்கிறது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். ஹெப்பாரின், இன்சுலின், ரத்தக் குழாயை விரிக்கும் புரோஸ்டாசைக்ளின், பித்த உப்பு, ஊட்டக் கரைசல் ஆகியவை சிறு பம்புகள் வழியே சொட்டிக்கொண்டிருக்கும். அழுத்தத்தையும் வாயுக்களின் அளவையும் இயந்திரமே சரிசெய்துகொள்கிறது. கல்லீரல் அந்தக் கிண்ணத்துக்குள் மெல்ல நிறம் திரும்பி, பித்தக் குழாயில் பொன்பழுப்புத் துளிகள் இறங்கத் தொடங்குவதைக் காணும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர்காப்புக் கருவிகளோடு படுத்திருக்கும் நோயாளியைப் பார்க்கும் அதே கவனம் தானாகவே வந்துவிடுகிறது. இங்கே நோயாளியின் இடத்தில் இருப்பது ஒரே ஓர் உறுப்பு.

கையாளுவது எளிது என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன். திரை தெளிவானது, ஒவ்வொரு படியையும் அதுவே கேட்டு வாங்கிக்கொள்கிறது, இயங்கத் தொடங்கிய பின் பெரும்பாலும் தொந்தரவில்லை. சிரமமெல்லாம் அதற்கு முந்திய அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. கல்லீரலுக்குச் செல்லும் தமனி ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை; கூடுதல் கிளை இருந்தால் அதை முதலில் இணைத்துத் தைத்தாக வேண்டும். கட்டாமல் விடுபட்ட சிறு நாளம் ஒன்று போதும், விலைமதிப்பற்ற அந்த ரத்தக் கலவை கிண்ணத்தில் கசிந்துகொண்டே இருக்கும். பம்பு நின்றால் உடல் வெப்பத்தில் உள்ள கல்லீரலுக்கு உயிர்வளி அறவே கிடைக்காது. பனிப்பெட்டி பழுதாவதில்லை, இது பழுதாகலாம் என்ற வேறுபாட்டை இதை வாங்க நினைக்கும் ஒவ்வொரு மையமும் மனத்தில் இருத்த வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் இரவு முழுவதும் அருகிலேயே இருக்க வேண்டியது இதனால்தான்.

இப்போது என்னை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். தீவிர சிகிச்சையில் நாங்கள் நாள்தோறும் பார்க்கும் லாக்டேட் அளவையே, அதாவது செல்களுக்கு உயிர்வளி போதாதபோது சேரும் கழிவின் அளவையே இங்கும் பார்க்கிறார்கள். இயந்திரத்தில் ஏற்றும்போது கலவையில் லாக்டேட் உயர்ந்திருக்கும். செயலுள்ள கல்லீரல் அதை உறிஞ்சிச் சில மணி நேரத்தில் கீழே கொண்டுவந்துவிடும். அமில காரச் சமநிலை சீராகிறதா, குளுக்கோஸைப் பயன்படுத்துகிறதா, தமனியிலும் சிரையிலும் ஓட்டம் போதுமானதாக இருக்கிறதா, பித்தம் சுரக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடை பெற்று, அதன் பிறகே பெறுநரை மயக்கத்துக்கு உட்படுத்தலாம். கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்பவர், மூளை, சிறுநீரகம், ரத்தவோட்டம் என்று பலவும் தளர்ந்த நிலையில் தீவிர சிகிச்சையில் இருக்கும்போது, அவருக்குப் பொருத்தப்போகும் கல்லீரல் முதல் நாளிலேயே வேலை செய்யுமா என்ற கேள்வி அவரது உயிரைத் தீர்மானிக்கக்கூடியது. வலுவான உடல்நிலை உள்ளவர் மந்தமாகத் தொடங்கும் கல்லீரலைச் சில நாட்கள் தாங்கிக்கொள்வார். தீவிர சிகிச்சையில் இருப்பவர் தாங்க மாட்டார். இந்த இயந்திரத்தின் முதல் மதிப்பு கல்லீரலைக் கூடுதல் நேரம் வைத்திருப்பதில் இல்லை, அதைச் சோதித்துப் பார்க்க இடம் தருவதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சோதனையின் வலிமையை பர்மிங்காம் குயின் எலிசபெத் மருத்துவமனைக் குழு 2020-இல் வெளியிட்ட விட்டல் ஆய்வு காட்டியது. பிரிட்டனின் எல்லா மையங்களும் வேண்டாம் என்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை ஹைனெக் மெர்ஜென்டலும் உடன் பணியாற்றியவர்களும் இதே இயந்திரத்தில் ஏற்றினார்கள். நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட் லிட்டருக்கு 2.5 மில்லிமோல் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும், வேறு சில அளவுகோல்களிலும் தேற வேண்டும் என்பது நிபந்தனை. 22 கல்லீரல்கள் தேறின; பொருத்தப்பட்ட 22 பேரும் 90 நாட்களைக் கடந்து உயிரோடிருந்தார்கள். குப்பைக்குப் போகவிருந்த உறுப்புகள் அவை என்பதை நினைக்கையில், இதைச் சாதாரண வெற்றியாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். அந்த 22 பேரில் நால்வருக்குப் பித்தநாளங்கள் சுருங்கி, மறுபடியும் கல்லீரல் மாற்ற வேண்டியதாயிற்று. லாக்டேட் சொல்வது கல்லீரல் செல்களைப் பற்றி; பித்தநாளத்தின் உட்பூச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. செல்களிலும்கூட ஒரு பகுதி மட்டும் நன்றாக இருந்தாலே லாக்டேட் இறங்கிவிடக்கூடும். கேம்பிரிட்ஜின் கிறிஸ்டோபர் வாட்சன் குழு, சுரக்கும் பித்தத்தின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் அதில் உள்ள குளுக்கோஸையும் பார்த்து நாளங்களின் நலனை அறியலாம் என்று காட்டியது பெரிய முன்னேற்றம். மெட்ராவைப் பயன்படுத்தும் எந்தக் குழுவும் லாக்டேட்டோடு நின்றுவிடாமல் பித்தத்தையும் சோதிப்பதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

2018-இல் நேச்சர் இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வுதான் இந்தக் கருவிக்குப் பெயர் வாங்கித் தந்தது. டேவிட் நஸ்ரல்லா முதல் ஆசிரியர். குலுக்கல் முறையில் இயந்திரம், பனிப்பெட்டி என்று இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 220 பேருக்குக் கல்லீரல் பொருத்தப்பட்டது. இயந்திரத்தில் காத்தவற்றில், கல்லீரல் காயத்தைக் காட்டும் நொதியின் உச்ச அளவு பாதியாகக் குறைந்திருந்தது. கழித்து ஒதுக்கப்பட்ட உறுப்புகளின் விகிதம் 24 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கியது. இத்தனைக்கும் காத்துவைத்த நேரம் சராசரியாக எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நிலையிலிருந்து சுமார் 12 மணி நேரமாகக் கூடியிருந்தது. தொடக்கக்காலச் செயல்குறைவு என்று நாங்கள் சொல்லும் நிலை 30 சதவீதம் பேருக்கு ஏற்பட்டது 10 சதவீதமாகியது. கிளாம்பைத் திறக்கும்போது ரத்த அழுத்தம் சரிவதும் குறைந்தது. மயக்கவியல் மருத்துவர்கள் இந்த இயந்திரத்தை விரும்புவதற்கு அதுவே போதுமான காரணம்.

இந்த எண்களைப் பாராட்டிக்கொண்டே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். தொடக்கக்காலச் செயல்குறைவு என்பதை வரையறுக்கும் அளவுகோல்களில் ஒன்று, முதல் ஏழு நாட்களில் நொதி 2000 அலகுகளைத் தாண்டுவது. இயந்திரத்தில் பல மணி நேரம் ஓடும் கல்லீரல், சிதைந்த செல்களிலிருந்து கசியும் நொதியின் ஒரு பகுதியை அந்தக் கலவைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. பிறகு அந்தக் கலவையைக் கழுவி அகற்றியே பொருத்துகிறார்கள். ஆகவே நோயாளியின் ரத்தத்தில் நொதி குறைவாகத் தெரிவதில் எவ்வளவு உண்மையான பாதுகாப்பு, எவ்வளவு கழுவியதன் விளைவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதே ஆய்வில் ஓராண்டு உயிர்வாழ்விலும், பித்தநாளச் சிக்கல்களிலும், தீவிர சிகிச்சையில் தங்கும் நாட்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் இதே கருவியைக் கொண்டு நடந்த ஆய்வில் செயல்குறைவு 20.6 சதவீதம், பனிப்பெட்டிக் குழுவில் 23.7 சதவீதம், புள்ளியியல் நோக்கில் இதுவும் வேறுபாடாகாது. நல்ல கல்லீரலுக்குப் பனிப்பெட்டியே இன்றும் போதுமானது என்பதையே இவை சொல்கின்றன. ஐயத்துக்குரிய கல்லீரலுக்கு மட்டும் இந்த இயந்திரத்தைத் தேர்ந்து பயன்படுத்துவது பொருள் மிச்சத்துக்கு மட்டுமல்லாமல் அறிவியலுக்கும் ஏற்றது.

போட்டிக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தின் குரோனிங்கனில் ராபர்ட் போர்ட்டே குழு, கல்லீரலைப் பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரம் குளிர்நிலையிலேயே உயிர்வளி மிகுந்த கரைசலை ஓட்டும் முறையை வளர்த்தெடுத்தது. இதயம் நின்ற கொடையாளரின் கல்லீரல்களில், பின்னாளில் துன்பம் தரும் பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குக் குறைந்ததாக 2021-இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. ரத்தம் வேண்டாம், பம்பு நின்றாலும் கல்லீரல் குளிரிலேயே இருப்பதால் ஆபத்தில்லை, செலவும் குறைவு. பித்தநாளத்தைக் காப்பதே நோக்கமென்றால் நான் அந்த எளிய முறையையே முதலில் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அது கல்லீரலின் செயலை மெட்ரா அளவுக்கு வெளிப்படையாகக் காட்டுவதில்லை. அமெரிக்காவின் டிரான்ஸ்மெடிக்ஸ் நிறுவனத்தின் கருவி வெதுவெதுப்பான ரத்தம் ஓட்டுவதில் மெட்ராவை ஒத்தது. அந்த நிறுவனம் விமானங்களையும் ஆட்களையும் தானே வைத்துக்கொண்டு முழுச் சேவையாக விற்கிறது. பொருத்துவதற்கான கல்லீரலைக் காப்பதில் மெட்ராவின் வரம்பு 24 மணி நேரம். சூரிச்சில் பியர் அலன் கிளாவியன் குழு உருவாக்கிய ஆய்வுநிலைக் கருவியோ கல்லீரலை ஒரு வாரம் உயிரோடு வைத்திருந்தது. மூன்று நாட்கள் அதில் இருந்த கல்லீரல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டு நன்றாக இயங்கியதை 2022-இல் அறிவித்தார்கள். காயம்பட்ட கல்லீரலுக்கு மருந்து தந்து குணமாக்கிப் பொருத்தும் நாள் வரவேண்டுமென்றால் 24 மணி நேரம் போதாது. ஆர்கனாக்ஸ் அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

தீவிர சிகிச்சை மருத்துவனாக எனக்குக் கிடைத்த, அதிகம் பேசப்படாத ஒரு நன்மை பகல்நேர அறுவை. நள்ளிரவில் வரும் கல்லீரலை விடியும்வரை இயந்திரத்தில் வைத்துவிட்டு, ஓய்வெடுத்த குழுவோடு காலையில் அறுவையைத் தொடங்க முடிகிறது. முன்பு ஒருமுறை மாற்று அறுவை நடந்து வயிற்றுக்குள் ஒட்டல்கள் நிறைந்த நோயாளிக்குப் பழைய கல்லீரலை அகற்றவே பல மணி நேரம் ஆகும். பனிப்பெட்டியின் கடிகாரம் துரத்தாமல் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்ய முடிகிறது. ரத்த இழப்பு மிகுந்த அத்தகைய அறுவைகளில் இந்த நிதானத்தின் பலனை மறுநாள் கட்டிலருகே பார்க்கலாம்.

இதே இயந்திரத்துக்கு வேறொரு பயனும் உருவாகி வருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2023 டிசம்பரில், மரபணு திருத்திய பன்றியின் கல்லீரலை மெட்ரா சுற்றில் ஏற்றி, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ரத்தத்தை 72 மணி நேரம் அதன் வழியே ஓட்டினார்கள். நாட்பட்ட கல்லீரல் நோயின் மேல் திடீர்ச் செயலிழப்பு ஏற்பட்ட நோயாளிகளிடம் இதை ஆராய 2025-இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. சொந்தக் கல்லீரல் மீளும்வரையோ மாற்றுக் கல்லீரல் கிடைக்கும்வரையோ நோயாளியைத் தாங்கும் பாலமாக இது அமையலாம். எதிர்பார்ப்போடு இருக்கிறேன், எனினும் அல்புமின் டயாலிசிஸ் கருவியான மார்ஸ் தந்த பாடத்தை எங்கள் துறை மறக்கக் கூடாது. ரத்தத்தின் நஞ்சுகளை அது அழகாகக் குறைத்தது. 2013-இல் வெளியான 189 பேர் கொண்ட ஆய்விலோ உயிர்வாழ்வு கூடவில்லை. பன்றிக் கல்லீரல் அம்மோனியாவைக் குறைக்கிறது என்பதோடு நிறைவடையாமல், எத்தனை பேர் நடந்து வீடு திரும்பினார்கள் என்பதையே அந்த ஆய்விடம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்த இயந்திரம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. இந்தியாவில் பெரும்பாலான கல்லீரல் மாற்றுகள், உயிரோடு இருக்கும் உறவினர் தரும் பகுதிக் கல்லீரலால் நடப்பவை. அடுத்தடுத்த அறுவை அரங்குகளுக்கிடையே செல்லும் அந்தக் கல்லீரலுக்கு இயந்திரம் தேவைப்படுவதில்லை. இதயம் நின்றபின் பெறும் கொடையும் இங்கே மிக அரிது. பிரிட்டனில் இந்தக் கருவிக்கு இருக்கும் முக்கிய வேலைகளில் ஒன்று இதனால் இங்கே இல்லாமல் போகிறது. மறுபுறம், 2008 முதல் மூளைச்சாவுக் கொடையை ஒழுங்காக வளர்த்தெடுத்த மாநிலம் இது. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடக்கிறது. மதுரையில் கிடைக்கும் கல்லீரல் சென்னைக்கு வர 450 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நீரிழிவும் உடற்பருமனும் பெருகும் ஊரில் கொழுப்பு படிந்த கல்லீரல்கள் இனி மேலும் அதிகமாகவே வரும். ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் தனித்தனியே ஒன்றை வாங்கிப் பூட்டிவைப்பதை நான் ஆதரிக்கவில்லை. மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் பொறுப்பில் சென்னையில் ஒரு பொது மையம் அமைத்து, இயந்திரத்தில் ரத்தம் ஓட்டுவதில் பயிற்சி பெற்ற பெர்ஃப்யூஷன் வல்லுநர்களை இரவும் பகலும் பணியில் வைத்து, எல்லா மையங்களும் கொழுப்புக்காகவோ நெடும்பயணத்துக்காகவோ ஒதுக்கும் கல்லீரல்களை மட்டும் அங்கே கொண்டுவந்து சோதிக்கலாம். ஒவ்வொரு கல்லீரலின் லாக்டேட், பித்தத்தின் பி.எச்., பெறுநரின் ஓராண்டு நிலை ஆகியவற்றைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவந்தால், இதற்கான செலவை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கலாமா என்பதை நம் நோயாளிகளின் விவரங்களைக் கொண்டே முடிவு செய்ய முடியும்.